கறக்காத மடியும் 47 கூட்டாளியும்

சித்தெ அந்தப் போனைக் கீழ வெய்யி கண்ணு. வெக்க மாட்டயா? செரி, கையிலயே வெச்சுக்க, காதை மட்டும் இக்கட்டக் குடு. அட, காதுலயும் எதையோ சொருகி வெச்சிருக்கறே. அதையாவது உருவு. ஆங், அப்படி வா.

உன்ற அம்மா வந்ததும் வராததுமா ஒரு தாக்கல் சொன்னா. ஒம்பதாவது போனதும் உனக்குக் கூட்டாளிங்க பெருகிட்டாங்களாம். குரூப்புல மட்டும் 47 பேராம். ஏங்கண்ணு, நான் நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன். சித்திரையில கண்ணபுரம் மாரியாத்தா நோம்பி, ஆடியில அந்தியூரு குருநாதசாமி நோம்பி, வாரம் தவறாமப் பொள்ளாச்சிச் சந்தைன்னு சுத்தாத ஊரு இல்லை, துண்டுக்குள்ள புடிக்காத வெரல் இல்லை. எனக்கே இன்னைக்குக் கணக்குப் போட்டாக் கூட்டாளி ஒண்ணரைதான். அந்த ஒண்ணு ஆருன்னு பொறவு சொல்றேன். அரை உன்ற அம்மிச்சி. நான் சொல்றதுல பாதியைத்தான் அவ நம்புவா, அதனால அரை.

போன வாரம் காச்சல் வந்து மூணு நாளு படுத்திருந்தியாமே. அந்த 47ல எத்தனை பேரு விசாரிச்சாங்க? 31 பேரு பொம்மை போட்டாங்களா! தேவலையே. பூங்கொத்துப் பொம்மை, மாத்தரைப் பொம்மை, அழுவற பொம்மை. ஊட்டுக்கு வந்து மூணு நாளு நோட்டை எழுதிக்கக் குடுத்தது எத்தனை பேரு? ஒருத்தனா. அவன் எந்தப் பொம்மை போட்டான்? குரூப்புலயே இல்லையா? அவங்கிட்டப் போனே இல்லையா? அதான பாத்தேன். போன் இருந்திருந்தா அவனும் பொம்மையோட நிறுத்தியிருப்பான்.

செரி, மாட்டுக் கதைக்கு வாரேன். மொகத்தைச் சுளிக்காதே, உன்ற பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லித்தர ஆளில்லை.

தாவணியில மாடு விக்கறவன் பண்ற வித்தை இருக்குதே, உங்க போன்ல மொகத்தை வெள்ளையாக்கறதெல்லாம் அதுக்கு மின்னால பச்சைக் கொழந்தை. மொதநாளு பொழுதோட கறக்காம உட்டுருவான். வெடியால பாத்தா மடி கொடமாட்டம் தொங்கும். உப்பைத் தின்ன உட்டுத் தண்ணி காட்டுவான், ஒட்டுன வவுறு உருண்டு நிக்கும். கொம்பைச் சீவி எண்ணெய் போட்டுத் தேச்சான்னா வெய்யில்ல மினுமினுங்கும். கெழட்டு மாடு கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்கும். நானும் இதெல்லாம் பண்ணுனனான்னு கேக்கறயா? நான் தரகன் சாமி. பண்றவங்களுக்குப் பக்கத்துல நின்னிருக்கறேன், அவ்வளவுதான்.

வெவரமானவன் என்ன பண்ணுவான்? கொம்பு மினுக்கத்துல மயங்க மாட்டான். வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். ரெண்டு வயசு வாக்குல மொத ஜோடிப் பால்பல்லு உளுந்து பெரிய பல்லு வரும், கடைசி ஜோடி சேர நாலு, நாலரை வருசம் ஆயிரும். பல்லு பொய் சொல்லாது. பொறவு நடக்க உட்டுப் பாப்பான். ரெண்டு நேரம் கறந்து பாத்துட்டுத்தான் மடியில இருந்து காசை எடுப்பான். மாட்டுக்காச்சும் பல்லு இருக்குது பாக்க. மனுசன் பல்லைக் காட்றதே பாதி நேரம் ஏமாத்தத்தான். அதனால மனுசனைக் கறந்துதான் பாக்கோணும்.

எப்படிக் கறக்கறதுங்கறயா? ஒரே ஒருக்கா 'மாட்டேன்'னு சொல்லிப் பாரு. பரிச்சைக்கு மொதநாளு வெளையாடக் கூப்புடறான், "இன்னைக்கு வல்லடா"ன்னு சொல்லு. "செரி போ, நாளைக்குப் பாத்துக்கலாம்"னு ஒருத்தன் போயிருவான். அவன் கறவை மாடு. இன்னொருத்தன், "ஓஹோ, நீ அவ்வளவு பெரிய ஆளாயிட்டயா"ன்னு நாலு பேரு முன்னால உன்னையக் கோமாளியாக்குவான், ரெண்டு நாளைக்குப் பேச மாட்டான், மத்தவனையும் பேச உட மாட்டான். உப்புத் தண்ணி குடிச்ச வவுறு அது, சந்தை கலைஞ்சு ஊடு வந்து சேரறதுக்குள்ள வத்திப்போயிரும். இந்த 'மாட்டேன்'ங்கற ஒத்தைச் சொல்லுக்கு இருக்கற வேலை எந்த ஜோசியனுக்கும் இல்லை. நீதான் அதை ஒருத்தருகிட்டயும் சொல்றதில்லையே. எங்ககிட்டச் சொல்றயே அது வேற. அம்மா பீர்க்கங்காய் வெச்சா மட்டும் எத்தனை கணீர்னு வருது அந்த வார்த்தை!

நீ கணக்குல எச்சா மார்க் வாங்குன அன்னைக்கு அவன்ற மொகத்தையும் பாத்து வெச்சுக்க. தோத்தவனுக்குத் தோள் குடுக்கப் பத்துப் பேரு வருவாங்க, அதுல ஒரு ருசி இருக்குது. செயிச்சவன் பக்கத்துல மொகம் கோணாம நிக்கறதுதான் கஷ்டம். உன்ற மொகத்தையும் சேத்துத்தான் சொல்றேன்.

வள்ளுவரு 79ஆவது அதிகாரத்துக்கு நட்புன்னு பேரு வெச்சாரு. நம்மளாட்ட ஆளா இருந்தா ஆகா ஓகோன்னு பத்துக் குறளு பாடீட்டு எந்திரிச்சுப் போயிருப்போம். அவரு அடுத்த அதிகாரத்துக்கே நட்பாராய்தல்னு பேரு வெச்சாரு. பொறவு பழைமை, தீ நட்பு, கூடா நட்புன்னு 83 வரைக்கும் 50 குறளு. உடவே இல்லை. அந்த மனுசனும் எங்கியோ மாடு வாங்கி ஏமாந்திருக்கோணும்.

உன்ற அக்கா கோயமுத்தூர்க் காலேஜில மனசைப் பத்தி என்னவோ படிக்கறாளே, போன லீவுக்கு வந்தப்ப ஒண்ணு சொன்னா. அமெரிக்காவுல கன்சாஸ்னு ஒரு சீமை, அங்க ஜெஃப்ரி ஹால்னு ஒரு வாத்தியாரு. புதுசா ஊரு மாறி வந்தவங்களையும் காலேஜில மொத வருசம் சேந்தவங்களையும் புடிச்சு வெச்சுக் கணக்கெடுத்து, 2018ல எழுதி வெளியிட்டாராம். தெரிஞ்ச மொகம் ஏதோ ஒரு கூட்டாளின்னு ஆகறதுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம். கூட்டாளின்னே சொல்லிக்கறதுக்கு 90. உசுருக் கூட்டாளின்னா 200 மணி நேரத்துக்கு மேலயாம். ஒட்டுக்காப் பாடம் கேட்டேன், ஒட்டுக்கா வேலை பாத்தேங்கறதெல்லாம் அதுல அத்தனை சேத்தியில்லை, சும்மா உக்காந்து பேசிச் சிரிச்ச நேரந்தான் சேத்தியாம். கன்சாஸும் மாட்டுச் சீமைதானாம், அதான் மனுசனுக்கு இத்தனை வெவரம்.

இப்ப நீ கணக்குப் போடு. உசுருக் கூட்டாளின்னு அஞ்சு பேருத்தைச் சொன்னே. ஆளுக்கு 200ன்னா ஆயிரம் மணி நேரம். மத்தியானச் சோத்து நேரத்துல ஒரு நாளைக்கு அரை மணின்னு வெச்சாலும் ரெண்டாயிரம் நாளு. ஒம்பதாவதுலயே உக்காந்திருக்கப் போறயா? அஞ்சு பேரும் ஒட்டுக்காத்தான் உக்காருவோம்கறயா. செரி, பாயிண்ட்டுதான். குசும்பு அப்பிச்சியாட்டவே வந்திருக்குது.

ஒட்டுக்கா உக்காரறதுல இன்னொரு வில்லங்கம் இருக்குது, அதையும் அவதான் சொன்னா. 2005ல கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க்னு ரெண்டு பேரு காரு ஓட்டற வீடியோ வெளையாட்டைக் குடுத்துப் பாத்திருக்கறாங்க. மஞ்சள் வெளக்கு உளுந்ததும் நிறுத்தறயா, பூந்து போறயான்னு. 13ல இருந்து 16 வயசுப் பசங்க தனியா ஆடறப்ப ஒழுங்கா இருந்திருக்கறாங்க. கூட்டாளி பக்கத்துல நின்னு பாத்தா மட்டும் துணிஞ்சு பூந்து போறது ஏறத்தாழ ரெண்டு மடங்காச்சாம். 24 வயசுக்கு மேல போனவங்ககிட்ட அந்த வித்தியாசமே இல்லையாம். இதுக்கு இத்தனை செலவு பண்ணோணுமா, நம்ம செம்மறிப் பட்டியை வந்து பாத்திருக்கலாம். ஒத்தை ஆடு ஓடைக்குக் கிட்டயே போவாது. பத்தாப் போனா மொத ஆடு குதிக்கும், மத்த ஒம்பதும் தண்ணி எத்தனை ஆழம்னு கேக்காமக் குதிக்கும். அதனால உதட்டுக்குள்ள ஒதுக்கற பொட்டணத்தை எவனாச்சும் நீட்டுனான்னா, லைசென்ஸ் இல்லாம வண்டியை எடுடான்னு எவனாச்சும் சொன்னான்னா, உனக்குள்ள ஒண்ணு துள்ளும் பாரு, அது தைரியமில்லை. ஆடு. "அப்பிச்சி கூப்புட்டாரு"ன்னு சொல்லீட்டு வந்துரு. கூட்டத்துல ஞாயம் பேசப் போவாதே, அங்க ஞாயம் எடுபடாது. பொய்க்கு என்ற பேரை எத்தனை வாட்டி வேணும்னாலும் எடுத்துக்க, வாடகை கேக்க மாட்டேன்.

மேக்கால தெரியுதே, நம்ம கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லு, நடுவால வெள்வேல மரம், சுத்தீலும் கிளுவை வேலி. அந்த வேலி இருக்கறதுனாலதான் மாடு ஆளில்லாம மேயுது. வேலியில்லைன்னா ஊரு மாடெல்லாம் வந்து ஒரே வாரத்துல மண்ணு தெரிய மேஞ்சுட்டுப் போயிரும். அதுக்குன்னு கடவே வெக்காம அடைச்சாலும் உள்ள இருக்கற மாடு தண்ணிக்குச் செத்துரும். உன்ற கூட்டாளி ஒருத்தன், "நீ எங்கூட மட்டுந்தான் இருக்கோணும், அவங்கூடப் பேசாதே"ங்கறானாமே. கொறங்காட்டுக்குள்ள ஒத்தை மாட்டைக் கட்டிப்போட்டுக் கடவை முள்ளு வெச்சு அடைக்கற வேலை அது. அன்பு மாதிரித்தான் இருக்கும். மொதல்ல இனிக்கும், நம்மளை எத்தனை பெரிசா நெனைக்கறான்னு. இன்னொருத்தன் உன்ற போன் பாஸ்வேர்டைக் கேக்கறான், "கூட்டாளிக்குள்ள என்னடா ரகசியம்"னு. அவன் வேலியே வேண்டாங்கற ஆளு. ரெண்டும் ஆவாது. கடவு எங்க இருக்கோணும், எப்பத் தொறக்கோணும்னு காட்டுக்காரன்தான் சொல்லோணும். காடு உன்றது.

ரகசியம்னதும் ஒண்ணு. எவங்கூட எவன் பேசறான், எவன் பிட்டு அடிச்சான், இதெல்லாம் ரகசியம்னா வெச்சுக்க, புளிச்சா நீயே துப்பீருவே. ஆனா ஒரு கூட்டாளி வந்து, பெரியவங்க ஒருத்தரு தொடக்கூடாத எடத்துல தொடறாரு, ஊட்டுல அடி தாங்க முடியலை, செத்துரலாம்னு இருக்குதுன்னு சொல்லி, "ஆருகிட்டயும் சொல்லாதே, சத்தியம் பண்ணு"ன்னா, அந்தச் சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில போடு. அம்மாகிட்டச் சொல்லு, நம்பற டீச்சருகிட்டச் சொல்லு, இல்லைன்னா கொழந்தைங்களுக்கு உதவற 1098க்குப் போனைப் போடு. அந்தப் போனை வாங்கிக் குடுத்ததுக்கு அன்னைக்காச்சும் ஒரு பலன். அவன் உம்மேல கோவிச்சுக்குவான். உசுரோட இருந்து கோவிச்சுக்கட்டும்.

என்ன முணுமுணுக்கறே? போன் வெளையாட்டுல சேந்த கூட்டாளி, மொகம் பாக்காட்டியும் நல்லவன், பிசிராந்தையாரும் சோழனும் பாத்துக்கிட்டாங்களான்னா? அட, தமிழ்ப் பாடம் உள்ள போயிருக்குதே! பாக்கலைதான். ஆனா கோப்பெருஞ்சோழன் உசுரு உடறதுக்கு வடக்கிருந்தப்ப, "அவன் வருவான், எடம் போட்டு வெய்யுங்க"ன்னான். பாண்டி நாட்டுல இருந்து அந்த மனுசனும் வந்து சேந்தாரு. உன்ற ஆளுக்கு ஊரு எது, பேரு நெசப் பேரா, வயசு உன்ற வயசா என்ற வயசா, ஏதாச்சும் தெரியுமா? தெரியாது. கேக்கறப்ப மட்டும் வைரம் வாங்கக் காசு அனுப்பறே. சோழன் பிசிராந்தையாருக்கு வைரமா ரீசார்ஜ் பண்ணுனான்?

கையைக் காட்டு. அதென்ன மணிக்கட்டுல கலர் கயிறு? கோயில்ல கட்டுனதா? இல்லையா, பள்ளிக்கூடத்துல 'நம்ம ஆளுக' எல்லாம் கட்டுவாங்களா. ஓ. ஏஞ்சாமி, மாட்டுக்குக் கயிறு கட்டறது எதுக்கு? ஓடாம இருக்கறதுக்கு, இன்னாரு மாடுன்னு தெரியறதுக்கு. நீ ஆரு மாடு? 2023ல நாங்குநேரியில கூடப் படிச்ச பசங்களே ஒரு பையனை ஊடு பூந்து வெட்டுனாங்களே, அதுக்குப் பொறவு சந்துரு நீதிபதியை உட்டு விசாரிக்கச் சொன்னாங்க. இந்தக் கயிறெல்லாம் பள்ளிக்கூடத்துல ஆவாதுன்னு 2024ல அவரு எழுதிக் குடுத்தாரு. அவரு நாசூக்கா எழுதியிருப்பாரு. நான் மாட்டுக்காரன், மாட்டுப் பாசையில கேக்கறேன்.

நாங்க மாட்டுக்குச் சுழி பாப்போம். நெத்தியில எத்தனை, முதுகுல எத்தனை, இது குடிகெடுக்கும், இது பாடை ஏத்தும்னு. சுழி பொறப்புல வர்றது, மாடு என்ன பண்ணும்? சுழி செரியில்லைன்னு நாங்க உட்ட மாட்டை வேற சனங்க பாதி வெலைக்கு வாங்கி, பத்து வருசம் ஏரோட்டிப் பொழச்சாங்க. சுழிசுத்தமா நான் வாங்குன காளை மொத வாரமே என்ற வெலாவை ஒடைச்சுது. இதா, இன்னும் மழைக்கு வலிக்கும்.

அது போவட்டும். அந்த நோட்டுக் குடுத்த பையன், அவனுக்கு உங்க குரூப்புல ஏதாச்சும் பேரு வெச்சிருக்கறீங்களா?

ஏன் தலையைக் குனியறே?

அவன்ற சோத்துப் போசியைப் பத்தியா, நெறத்தைப் பத்தியா? வேண்டாம், சொல்லாதே, எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நீயும் சிரிப்புப் பொம்மை போட்டயா? ஒண்ணே ஒண்ணுதானா. அதுக்குப் பொறவும் நோட்டைக் கொண்டாந்து குடுத்திருக்கறான். அவனுக்குத் தெரிஞ்சிருக்குமாங்கறயா? இந்த மாதிரித் தாக்கலுக்குப் போன் வேண்டியதில்லை கண்ணு, காத்தே கொண்டு போயிரும்.

செரி செரி, கண்ணைக் கசக்காதே. உன்ற அப்பிச்சி அதை உடப் பெரிய சோலி பாத்தவன்.

கர்ணன் படம் 1964ல வந்துச்சு. நம்மூரு டூரிங் கொட்டாய்க்கு அது வந்து சேர மறு வருசமாயிருச்சு. எனக்கு 13 வயசு. எங்க மாட்டை மேச்சவரோட மகன் ஒருத்தன், எனக்கு ஒரு வயசு எளையவன். ரெண்டு பேரும் தரை டிக்கெட்டுல மண்ணுல உக்காந்து பாத்தோம். திரும்பறப்ப இட்டேரியில நெலா வெளிச்சம். நான் சிவாசி கணேசனாட்டம் நெஞ்சைத் தூக்கிக்கிட்டு, "உனக்கொண்ணுன்னா நான் உசுரையே குடுப்பேன்டா"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லலை. அவனுக்கு அப்பவே பல்லுப் பாக்கத் தெரியும் போல இருக்குது.

ஒரு மாசம் ஆயிருக்காது. என்ற பெரியப்பன் தோட்டத்துல எளநி திருடப் போனோம். ரோசனை என்றது. மரமேறுனது அவன். கீழ நின்னு காவல் பாக்கறேன்னு சொன்னது நானு. ரெண்டு காய்தான் உளுந்துச்சு, நாய் கொலைச்சுருச்சு. நான் ஒரு காயைத் தூக்கிக்கிட்டுக் கிளுவை வேலிச் சந்துல பூந்தேன். இதா, முழங்கையில தழும்பு, முள்ளு கிழிச்சது. அவன் மரத்து மேல. எறங்க வெச்சு, அந்த மரத்துலயே கட்டி, மாட்டுக் கயித்தாலயே அடிச்சாங்க. "கூட வந்தது எவன்டா"ன்னு ஒவ்வொரு அடிக்கும் கேட்டாங்க. "ஒருத்தருமில்லீங்"ன்னான். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

நான் போயி நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கறே? பெரியப்பன் காதைத் திருகியிருப்பாரு. பொறவு அவரே ஒரு எளநி சீவிக் குடுத்திருப்பாரு. அவ்வளவுதான் சாமி எனக்கு வந்திருக்கற கஷ்டம். அதுக்கே காலு எந்திரிக்கலை.

மறுநா கொறங்காட்டுக்கு மாடு ஓட்டிக்கிட்டு வந்தான். முதுகெல்லாம் தடிப்பு. என்னையப் பாத்தான். "எளநித் தண்ணி இனிச்சுதாங்"ன்னு கேட்டான். எனக்கு அந்த நாள்ல அவன் 'ங்' போட்டுத்தான் பேசோணும், பாத்துக்க. எங்க ஊட்டுத் தண்ணியை அவன் டம்ளர்ல குடிச்சதில்லை. வாசல்ல நின்னு ரெண்டு கையும் ஏந்துவான், மேல இருந்து ஊத்துவாங்க. அவங்கூடத்தான் நான் கர்ணன் வேசம் கட்டுனேன்.

அவன்தான் அந்த ஒண்ணு. இப்ப வந்தா இதா நீ படுத்திருக்கறயே, இந்தக் கட்டல்லதான் உக்காருவான். உக்காருன்னு சொல்ல எனக்கு எத்தனை வருசமாச்சுன்னு கேக்காதே. 'ங்' போடாதடான்னு சொல்லியும் பாத்துட்டேன், பழகிப்போச்சுங்கறான், அதுலயும் ஒரு 'ங்'.

டிவிஎஸ் சத்தம் கேக்குதா? அவன்தான். அந்த வண்டிக்கும் அவனுக்கும் ஒரே இருமல். எந்திரி, கட்டலை உடு. உள்ள போயி அம்மிச்சிகிட்ட ரெண்டு டம்ளர் மோரு வாங்கிட்டு வா. எந்த டம்ளர்னு பாக்காதே, கையில கெடைக்கறதை எடு. அந்தக் கயித்தை அவுத்துட்டுப் போறயா? நான் சொல்லலை, நீயாத்தான் அவுக்கறே. உன்ற அம்மா கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்.

அப்பறம் கண்ணு, எளநிக் கதையை அவங்கிட்டக் கேட்டறாதே. அவன் சொன்னா அதுல நான் ரெண்டு காயையும் தூக்கிக்கிட்டு ஓடுனதா வரும்.